பெரியம்மா வாங்கிக் கொடுத்த தப்பான கால்குலேட்டர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கிராஃப் ஷீட் முப்பத்தாறை எதிரில் அடுக்கி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். அவள் மகளுக்கு உதவித்தொகையோடு சென்னையில் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் பதினோராம் வகுப்பு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்குக் கொண்டுவர வேண்டிய பொருட்களாம். கொசுவலை, பூட்டு இரண்டு, வெள்ளை ஷூ, பக்கெட், கடைசி வரியில் "கிராஃபிக் டிஸ்பிளே கால்குலேட்டர் 1". அதன் கீழே அவள் குரல்: "அக்கா, நீதானே கணக்கு டீச்சர். இதை மட்டும் நீயே பாத்து வாங்கிடு. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அதை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசல் தாண்டி இரண்டு சந்து உள்ளே, மொட்டைமாடியில் கூரை போட்டுப் பதினெட்டு வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கும் கால்குலேட்டருக்கும் சம்பந்தமே கிடையாது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வரைபடத்துக்கு 8 மார்க். அட்டவணை போடணும், புள்ளி வைக்கணும், கை நடுங்காமல் வளைவை இழுக்கணும், வலது மூலையில் அளவுத்திட்டம் எழுதணும். பிளஸ் டூ போனால் இயற்பியலுக்கு லாக் புக், அதாவது மடக்கை அட்டவணைப் புத்தகம். கூட்டல் கழித்தல் எல்லாம் விரலிலும் மார்ஜினிலும்தான். என் வீட்டில் இருந்த ஒரே கால்குலேட்டர் தம்பி என்ஜினியரிங் படித்தபோது வாங்கிய கேஸியோ 991 எம்.எஸ். அவன் பாஸாகி, அவனுக்கு அடுத்து இரண்டு பேர் அதே கால்குலேட்டரில் பாஸாகி, கடைசியில் மளிகைக் கணக்குக்கு என்னிடம் வந்து சேர்ந்தது.

அதையே கையில் எடுத்துக்கொண்டு பர்மா பஜாருக்குப் போனேன். "இது மாதிரி, ஆனா கிராஃப் போடறது இருக்கா?" என்று கடை கடையாகக் கேட்டேன். பீச் ஸ்டேஷன் எதிரே ராஜாஜி சாலை ஓரமாக நீளும் அந்த வரிசையில் ஒருத்தர் புது 991-ஐ எடுத்து நீட்டினார். இன்னொருத்தர், "எதுக்குக்கா, செல்லுலயே வருமே" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவதாக ஒரு அண்ணன் யோசித்துவிட்டு, பாரிஸ் கார்னர் பக்கம் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ஒருவரிடம் கைகாட்டி விட்டார்.

அங்கேதான் அது இருந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-89 டைட்டானியம். செங்கல்லை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த மாதிரி கனம். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய யாரோ விற்றுவிட்டுப் போனதாம். நாலு சின்ன பென்சில் பேட்டரி போட்டு உயிர் கொடுத்தார். ஒரு இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னேன். படுத்தியது. எக்ஸ் சைன் எக்ஸை வகையிடச் சொன்னேன். சைன் எக்ஸ் கூட்டல் எக்ஸ் காஸ் எக்ஸ் என்று, எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே, நான் போர்டில் எழுதுகிற மாதிரியே எழுதிக் காட்டியது.

பதினெட்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த நொடியில் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? புடவைக் கடையில் கூட நான் அப்படி மயங்கினதில்லை. ஐயாயிரத்தில் ஆரம்பித்துப் பேசிப் பேசி 3,200-க்கு முடித்தேன். பேரம் படிந்த சந்தோஷத்தில் ஒரு தட்டு அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பில் கேட்கவில்லை.

ஜூலையில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம் பாப்பா வீடியோ காலில் வந்தாள். "பெரியம்மா, மிஸ் இதைப் பாத்துட்டுச் சிரிச்சிட்டாங்க. ரொம்ப நல்ல கால்குலேட்டராம். ஆனா எக்ஸாம் ஹாலுக்குள்ள விடமாட்டாங்களாம்."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. கிராஃப் போடுமா என்று கேட்டேன், போடும் என்றார். கேள்வியே தப்பு.

மறுநாள் அந்தக் கணக்கு மிஸ்ஸிடமே போனில் பேசினேன். என் மகள் வயசுதான் இருக்கும், ஆனால் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். என்னைப் போல ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாரிஸுக்குக் கிளம்பினால், அந்த 3,200 மிச்சமாகட்டும்.

முதல் கேள்வி எந்தக் கால்குலேட்டர் என்பதல்ல, எந்தப் பரீட்சை என்பதுதான். பாப்பா படிப்பது ஐ.பி. டிப்ளமோ, அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற வெளிநாட்டுப் பாடத்திட்டம். அதில் கணக்கே இரண்டு வகை. பகுப்பாய்வும் அணுகுமுறைகளும் சார்ந்தது ஒன்று, பயன்பாடும் விளக்கமும் சார்ந்தது இன்னொன்று. 2019-ல் வந்த பாடத்திட்டம். பயன்பாட்டுக் கணக்கில் எல்லாத் தாளுக்கும் கிராஃபிக் கால்குலேட்டர் கட்டாயம். பாப்பா எடுத்திருப்பது முதல் வகை. அதில் முதல் தாளுக்குக் கால்குலேட்டரே கூடாது, இரண்டாம் தாளுக்குக் கட்டாயம். ஆனால் எந்தத் தாளிலும் சி.ஏ.எஸ். இருக்கக் கூடாது. எண்ணைப் போட்டு விடை சொல்வதோடு நிற்காமல், எழுத்துகளை வைத்தே காரணிப்படுத்தி, வகையிட்டு, தொகையிட்டுக் காட்டும் வசதிக்குத்தான் அந்தப் பெயர். என்னை மயக்கியது எதுவோ, அதுவேதான் தடை. டிஐ-89 சி.ஏ.எஸ். இயந்திரம். டிஐ-என்ஸ்பயர் வரிசையில் ஒரே முகத்தோடு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு மாடல்கள் உண்டு. பெயருக்குப் பின்னால் சி.ஏ.எஸ். என்ற மூன்று எழுத்து இருந்தால் இந்தப் பரீட்சைக்கு ஆகாது, இல்லாவிட்டால் ஆகும். பழைய சாமான் வாங்கும்போது அந்த மூன்று எழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடணும்.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் என்றால் கதை வேறு. பத்தாம் வகுப்புக்கு ஈடான ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் 0580 என்ற எண் கொண்ட கணக்குக்குச் சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். 0607 என்ற இன்டர்நேஷனல் மேத்தமேட்டிக்ஸுக்குத்தான் கிராஃபிக் வேண்டும். பள்ளி அதே, வகுப்பும் அதே, பாட எண் மாறினால் செலவு பத்து மடங்கு மாறுகிறது. இன்னொரு கூத்து, அதே கேம்பிரிட்ஜின் ஏ லெவல் 9709 கணக்கில் கிராஃபிக் கால்குலேட்டருக்குத் தடை. பத்தாவதில் ஆசையாக வாங்கியது பன்னிரண்டாவதில் அலமாரிக்குள் போகும். அமெரிக்கக் கல்லூரிக்கு எஸ்.ஏ.டி. எழுதப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் 2023-லிருந்து அது கம்ப்யூட்டர் தேர்வு. டெஸ்மோஸ் என்ற கிராஃப் கால்குலேட்டர் திரையிலேயே வந்துவிடுகிறது. அதற்காக மட்டும் கருவி வாங்கத் தேவையில்லை.

ஸ்டேட் போர்டு, சி.பி.எஸ்.இ. கணக்குத் தேர்வுகளில் கால்குலேட்டர் இல்லை. ஜே.இ.இ.யிலும் நீட்டிலும் இல்லை. என்ஜினியரிங் சேர்ந்த பிறகு பெரும்பாலும் புரோகிராம் போட முடியாத 991 வகைதான் அனுமதி. எனவே ஐ.பி. முடித்துவிட்டு இங்கேயே என்ஜினியரிங் சேரப்போகிற பிள்ளைக்கு இந்தக் கருவியின் ஆயுள் இரண்டு வருஷம்தான். அதற்கு எவ்வளவு போடலாம் என்பதைத் தங்கச்சியும் நானும் உட்கார்ந்து பேசினோம். புதிதாக வாங்கினால் ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டுகிறது.

அந்த மிஸ் சொன்ன இரண்டாவது விஷயம் என் மண்டையில் நன்றாக ஏறியது. "நான் கிளாஸ்ல எந்த மாடல் யூஸ் பண்றேனோ அதையே வாங்கிக் குடுங்க ஆன்ட்டி. அதைவிட ஒசத்தியானது வேணாம்."

உடனே புரிந்தது. டியூஷனில் நான் போர்டில் போடும் முறையும் பள்ளி சார் போடும் முறையும் வேறாக இருந்தால் பிள்ளைகள் தடுமாறுவதைத் தினமும் பார்க்கிறேனே. கால்குலேட்டரிலும் அப்படித்தான். இரண்டு வளைவுகள் வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிக்க டிஐ-84-ல் ஒரு பாதை, கேஸியோவில் வேறு பாதை. டிஐ-84-ல் கழித்தல் குறிக்கு ஒரு பட்டன், எதிர்மறை எண்ணின் குறிக்கு வேறு பட்டன். மாற்றி அழுத்தினால் பெரும்பாலும் தப்பு என்று நிற்கும். வகுப்பில் இருபது பேரும் ஒரு பட்டனை அழுத்தும்போது நம் பிள்ளை மட்டும் மெனுவுக்குள் அலைந்துகொண்டிருந்தால், மிஸ் அவளுக்காக நிற்க மாட்டார். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கேட்கவும் வழி இல்லை.

வகுப்பில் ஓடுவது கேஸியோ எஃப்எக்ஸ்-சிஜி50. கலர் ஸ்கிரீன். வாங்கும் முன் அதையும் டிஐ-84 பிளஸ் சிஇ-யையும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பாப்பாவின் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் வீடு பெரம்பூரில், அவனிடம் டிஐ இருந்தது. இரண்டும் இந்தப் பரீட்சைக்குச் செல்லும். இரண்டும் நல்ல கருவிதான். எனக்குப் பட்ட வித்தியாசம் பேட்டரியில். டிஐ-84 பிளஸ் சிஇ சார்ஜ் போடும் ரகம், சார்ஜ் போடும் ஓட்டை பழைய மினி யு.எஸ்.பி. இப்போது எந்த போனுக்கும் அந்த வயர் சேராது. ஹாஸ்டலில் வயர் தொலைந்தால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி யாரிடம் போய்க் கேட்பது? சிஜி50-க்கு நாலு சின்ன பென்சில் பேட்டரி, டிரிபிள் ஏ. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பெரம்பூர்த் தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஆன்ட்டி, சார்ஜ் போட்டா ரெண்டு வாரம் வரும், எவன் பேட்டரி வாங்கிட்டே இருப்பான்" என்றான். அவன் சொல்வதும் நியாயம். ஆனால் வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளையின் நியாயம் அது.

பணம் ரொம்ப இடிக்கிறது என்றால் கலர் இல்லாத கேஸியோ 9750 ஜி3, 9860 ஜி3 மாடல்கள் உண்டு. விலை குறைவு, மெனு ஏறக்குறைய சிஜி50 போலவே. மூன்று வளைவுகளை ஒரே திரையில் போட்டால் எது எது என்று கலர் இல்லாமல் கண்டுபிடிக்கக் கஷ்டம், அவ்வளவுதான். எங்கள் காலத்தில் எல்லாம் கறுப்பு வெள்ளைதானே என்று நான் அதன் பக்கம் சாய்ந்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து போன் போட்டு, ஒரு முறை தப்பானது போதும், மிஸ் சொன்னதையே வாங்குங்க என்றார்.

இந்த முறை வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிக் கவர்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே கையிருப்பு இல்லை, மூன்று நாளில் வரவழைத்துக் கொடுத்தார்கள். பில் போட்டு, வாரன்டி அட்டையில் சீல் வைத்து வாங்கினேன். கடையிலேயே பிரித்து, பேட்டரி போட்டு, ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தேன். கடைப் பையன், "மேடம், டைப்பிங் எக்ஸாமா?" என்றான்.

பழையதே வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சிலவற்றை நின்று பார்த்து வாங்குங்கள். முதலில் பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தால் வேண்டாம். நம் பக்கத்து உப்புக்காற்றில் இது சீக்கிரம் வரும். காசிமேட்டில் சைக்கிள் செயின் என்ன பாடு படுகிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்தது ஸ்கிரீன். ஒரு வளைவைப் போட்டுக் குறுக்கிலோ நெடுக்கிலோ ஒரு கோடு முழுக்கச் செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் புள்ளி ஒன்று காணாமல் போவதும் கோடு ஒன்று காணாமல் போவதும் ஒன்றல்ல. பட்டன்களில் அதிகம் தேய்வது கூட்டல், எதிர்மறைக் குறி, அம்புக்குறிகள். பழைய ஆள் வைத்த புரோகிராம்கள் உள்ளே கிடந்தால் எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்துப் படித்துப் பள்ளிக்கு போட்டோ அனுப்பிக் கேட்டுவிடுங்கள். நான் டிஐ-89-ஐ வாங்கும் முன் ஒரே ஒரு போட்டோ அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

காலாண்டு லீவுக்குப் பாப்பா வந்தாள். மூன்று நாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் அதைப் படித்தோம். நான்தான் அதிகம் படித்தேன் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் அவளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 20 எக்ஸ் பிளஸ் 36. மூலங்கள் எத்தனை, வரைபடம் போட்டுச் சொல். பட்டனைத் தட்டினாள். ஸ்கிரீனில் மேலிருந்து கீழே விழும் ஒரே ஒரு கோடு. கொஞ்சம் சாய்ந்த நேர்க்கோடு மாதிரி, எக்ஸ் அச்சை 2-ல் வெட்டிக்கொண்டு போனது.

"ஒரு மூலம்தான் பெரியம்மா. எக்ஸ் சமம் ரெண்டு."

"இருபடிச் சமன்பாடுடீ. பரவளையம் எங்கே?"

திரும்பவும் போட்டாள். அதே கோடு. மெஷின் ரிப்பேர் என்றாள்.

கீழே டியூஷனுக்கு வந்திருந்த ஒன்பதாவது பையன் ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "அளவுத்திட்டம் பத்தலக்கா" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. அப்போது ஸ்கிரீனில் இருந்தது எக்ஸில் மைனஸ் 10 முதல் 10 வரை, ஒய்யில் மைனஸ் 10 முதல் 10 வரை. இந்தப் பரவளையத்தின் அடிமுனை எக்ஸ் 10-ல், ஒய் மைனஸ் 64-ல் கிடக்கிறது. இன்னொரு மூலம் 18. அந்தச் சின்ன ஜன்னலுக்குள் தெரிந்தது யானையின் வால் மட்டும்தான். வி-வின்டோ என்ற இடத்துக்குப் போய் எக்ஸை 0 முதல் 20 வரை, ஒய்யை மைனஸ் 70 முதல் 40 வரை என்று மாற்றினோம். முழுப் பரவளையமும் தொட்டில் மாதிரி வந்து உட்கார்ந்தது. வி-வின்டோ வி-வின்டோ என்று கையேட்டில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, கிராஃப் ஷீட்டின் வலது மூலையில் நாம் எழுதும் அளவுத்திட்டம்தான். எழுத மறந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு மார்க் போகும். இங்கே மறந்தால் இன்னொரு மூலமே போய்விடுகிறது.

உள்ளே அது எப்படி வரைகிறது என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்கிரீனில் இடமிருந்து வலமாக 384 புள்ளிகள், மேலிருந்து கீழாக 216. ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒய் கண்டுபிடித்து, புள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளியோடு சேர்த்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் மைனஸ் 4 முதல் 4 வரை ஒன்பது கட்டம் போட்டு அட்டவணை எழுதுகிறோமே, அதே வேலை. கட்டம்தான் அதிகம், கையும் வலிப்பதில்லை. 1985-ல் கேஸியோ எஃப்எக்ஸ்-7000ஜி என்று முதல் கிராஃப் கால்குலேட்டர் வந்தபோது அந்தக் கட்டங்கள் 96-க்கு 64 தானாம், நினைவகம் வெறும் 422 பைட். அட்டவணை முறை மட்டும் மாறவில்லை.

அட்டவணை முறை என்பதால் அட்டவணை முறையின் குறைகளும் உண்டு. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. டேன் எக்ஸ் போட்டபோது 90 டிகிரி இடத்தில் சில அளவுத்திட்டங்களில் மேலிருந்து கீழே ஒரு செங்குத்துக் கோட்டை இழுத்துவிட்டது. அங்கே கோடு இல்லை, அங்கே டேனுக்கு மதிப்பே இல்லை. மேலே போன புள்ளியையும் கீழே வந்த புள்ளியையும் அது கண்ணை மூடிக்கொண்டு சேர்த்த கோடு அது. பாப்பா அதை அப்படியே நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். அடித்துவிட்டு அங்கே புள்ளிக்கோடு போட வைத்தேன்.

இரண்டாம் நாள் முழுக்க ரேடியன், டிகிரி. சைன் 30 போடு என்றேன். மைனஸ் 0.988 என்று வந்தது. சைன் 30 அரை என்று சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்த பெண், ஸ்கிரீனில் வந்ததால் அதை நம்பிவிட்டாள்! எனக்கு இது கொஞ்சம் பயமாகவே இருந்தது. செட்டப்பில் கோணம் ரேடியனில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து எந்த முக்கோணவியல் கணக்குக்கும் முன்னால் சைன் 30 தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பி என்று சொல்லி வைத்தேன். மளிகைக் கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுப்பதில்லையா, அது போல.

அதற்காக இது வெறும் சோம்பேறிக் கருவி என்று யாராவது சொன்னால் இப்போது நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாம் நாள் அவள் பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு. இ-யின் எக்ஸ் அடுக்கு சமம் 5 மைனஸ் எக்ஸ். நான் கையால் முயன்றேன். மடக்கை எடுத்துப் பார்த்தேன், எக்ஸ் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. நாம் படித்த எந்தச் சூத்திரமும் அதற்குச் செல்லாது. பாப்பா இரண்டு பக்கத்தையும் இரண்டு வளைவாகப் போட்டு, ஜி-சால்வ் என்ற மெனுவுக்குப் போய், வெட்டும் புள்ளியைத் தட்டினாள். 1.3066 என்று வந்தது. விடையாக 1.31 என்று எழுதினாள். அவர்கள் பரீட்சையில் மூன்று முக்கிய எண்ணுருக்கள் போதுமாம். "சும்மா எண்ணை எழுதாதே, இரண்டு வளைவையும் நோட்டில் வரைந்து வெட்டும் இடத்தைக் குறி" என்றேன். அதைத்தான் மிஸ்ஸும் சொல்கிறார் என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமை.

எக்ஸாம் மோட் என்று ஒன்று இருக்கிறது, அதையும் லீவிலேயே பழக்கிவிட்டோம். பரீட்சைக்கு முன்னால் சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தி அந்த நிலைக்குக் கொண்டுபோனால், உள்ளே சேமித்த குறிப்பு, புரோகிராம் எதுவும் எட்டாது. ஸ்கிரீன் ஓரத்தில் அதற்கான அடையாளம் வந்துவிடும். முதல் தடவை செய்தபோது பாப்பா அழாத குறை. "ஒரு டேர்ம் நோட்ஸ் எல்லாம் போச்சு பெரியம்மா!" போகவில்லை. அந்த நிலையிலிருந்து வெளியே வந்ததும் பழையது எல்லாம் திரும்பி வந்தது. இதை ஹாலுக்கு வெளியே முதல் முறையாகச் செய்து பார்த்தால் அந்தப் பதற்றத்திலேயே முதல் கேள்வி போய்விடும்.

முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது என்று மேலே சொன்னேனே, அதை மறந்துவிட வேண்டாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைப் பையிலேயே வைத்துவிட்டு ஒரு முழுத் தாளைக் கையால் எழுத வேண்டும். லீவு முடிந்து கிளம்பும்போது பாப்பா கேட்டு வாங்கிக்கொண்டு போனது கிராஃப் ஷீட் ஒரு கட்டு. ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கி வைப்பேன், அதிலிருந்து கொடுத்தேன்.

பர்மா பஜாரில் "செல்லுலயே வருமே" என்று சொன்னவரின் பாதி உண்மைக்கு வருகிறேன். பரீட்சை ஹாலுக்குள் செல் போகாது, அதனால் பாப்பாவுக்கு அந்தப் பதில் உதவாது. என் டியூஷன் பிள்ளைகளுக்கு அதுதான் சரியான பதில். டெஸ்மோஸும் ஜியோஜீப்ராவும் காசில்லாமல் கிடைக்கின்றன, சாதாரண போனில் ஓடுகின்றன. தண்டையார்பேட்டையில் இருந்து வரும் ஒரு பெண்ணின் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார். வீட்டில் ஒரே போன், அது ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அவள் கைக்கு வரும். அவளும் டெஸ்மோஸில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் மறுநாள் ஷீட்டைக் காட்டுகிறாள். ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறேன். முதலில் கையால், பிறகு போனில். தலைகீழாகச் செய்தவர்களை வளைவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், அட்டவணையில் ஒரு எண் தப்பாக இருக்கும், வளைவு மட்டும் கோயில் கோலம் மாதிரி இருக்கும். ஸ்டேட் போர்டு பெற்றோர் யாராவது, அந்தப் பள்ளியில் வாங்கச் சொன்னார்களாமே, நாங்களும் வாங்கட்டுமா என்று கேட்டால், அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு நல்ல மேஜையும் விளக்கும் வாங்குங்கள் என்கிறேன்.

டிஐ-89 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விற்ற கடையில் திரும்பக் கொடுக்கப் போனேன், ஆயிரம் தருகிறேன் என்றார். மனசு கேட்கவில்லை. டியூஷன் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயார் செய்யும்போது, மூலங்கள் முழு எண்ணாக வருகிற மாதிரிச் சமன்பாடு அமைக்க அதை வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிடுவேன். ஒரு மழைக்காலத்தில் மறந்துபோய் உள்ளேயே விட்டு, ஸ்பிரிங்கில் வெள்ளை பூத்து, பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, காயவைத்து, பிழைக்க வைத்தேன். பையன்கள் அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். ஷீட்டை முடித்துக் காட்டினால்தான் கையில் கொடுப்பேன்.

இந்த வாரம் முப்பத்தாறு ஷீட்டில் ஐந்து பேர் அளவுத்திட்டம் எழுதவில்லை.